கடைசி உலை

ஜனவரி 3, புதன்

மளிகை மொத்தக்கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி. போன வருஷம் கொடுத்ததில் கேஸ் சிலிண்டர் வந்த தேதிகளை மட்டும்தான் எழுதினேன். இந்த வருஷமாவது மனுஷி எழுதுகிற மாதிரி எழுத வேண்டும்.

இன்று ஹோட்டலில் கூட்டம். முதலாளியின் மகன் ஹரிராம், ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளை மூன்று கிளை ஆட்களையும் எங்கள் பாளைக் கிளை மாடியில் உட்காரவைத்து ஒரு புது மென்பொருளைக் காட்டினார். ஐந்து வருஷத்து பில் முழுவதையும் அதற்குள் ஏற்றியிருக்கிறார்களாம். முகூர்த்த நாள், மழை, பரீட்சை, கோயில் கொடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, நாளை மதியம் எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று இன்றே சொல்லிவிடுமாம். திரையில் எண் வரும். சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளலாம். படாவிட்டால் நாமே மாற்றலாம், ஆனால் காரணம் எழுத வேண்டும்.

"இது வெறும் கணக்கு மெஷின் இல்ல. தப்பு பண்ணினா அதுவே கத்துக்கும்," என்றார் ஹரி.

சமையல் மாஸ்டர் பேச்சிமுத்து எழுந்து, "சாப்பாடு தீந்துபோய் ஆளு திரும்பிப் போனா, அது வந்து பதில் சொல்லுமா தம்பி?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஹரியும் சிரித்தார். நல்ல பையன். கோபமே வராது.

பாளைக் கிளையில் கொள்முதலும், தினம் எவ்வளவு சமைப்பது என்கிற முடிவும் பதினெட்டு வருஷமாக என்னுடையவை. இனிமேல் எனக்கு ஒரு துணை. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 9, செவ்வாய்

கணிப்பு (அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர்) சொன்னபடி சமைத்தோம். சாம்பார் கொஞ்சம் மீந்தது. சோறு இரண்டு பாத்திரம் மீந்தது.

மீந்ததை எடுக்க வழக்கம்போல இல்லத்து வேன் வந்தது. தெருவில் பேர் ஊர் தெரியாமல் திரிகிறவர்களைக் கூட்டிவந்து வைத்துக் காப்பாற்றும் கன்னியாஸ்திரிகள் இல்லம், ரெட்டியார்பட்டிப் பக்கம். அங்கே நாற்பது பேர் போல இருக்கிறார்கள். எங்கள் மதியச் சோறுதான் அவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு. டிரைவர் பெயர் ஞானதிரவியம். இரண்டு வருஷமாக, ஞாயிறு தவிர எல்லா நாளும் மூன்றரை மணி வாக்கில் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தார் சாப்பாடு கொடுத்துவிடுகிறார்களாம்.

ஹோட்டலில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஏனோ அந்த வார்த்தை வரவில்லை. "இந்தாங்க", "பாருங்க" என்று சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

இருமல் இன்னும் நிற்கவில்லை அவருக்கு.

ஜனவரி 10, புதன்

சுக்குக் காபி போடச் சொல்லி வைத்திருந்தேன். குடித்தார். டம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

ஜனவரி 19, வெள்ளி

பொங்கல் வாரம் முழுவதும் கணிப்பு ஒருநாள்கூடப் பிசகவில்லை. காணும் பொங்கலன்று கூட்டம் அலைமோதும் என்று நான் நினைத்தேன். அது பாதிதான் சொன்னது. பாதிதான் வந்தது. எல்லோரும் அணைக்கட்டுக்கும் அருவிக்கும் கட்டுச்சோற்றோடு போய்விட்டார்கள். பேச்சிமுத்துகூட, "பரவால்ல மேடம், நமக்கு வேல மிச்சம்," என்கிறார். முன்பெல்லாம் சோறு வீணாகப் போனால் முதலாளியிடம் திட்டு வாங்குகிறவர் அவர்தான்.

ஜனவரி 31, புதன்

மாதக் கணக்கு வந்தது. மூன்று கிளைகளிலும் வீணாவது பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது. பாளைதான் முதலிடம். ஹரி எங்கள் வாட்ஸப் குழுவில் என் படத்தைப் போட்டு வாழ்த்தியிருந்தார். தம்பி பெண்டாட்டி பாரதி அதை எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள்.

வேனுக்கு இன்று அரைப் பாத்திரம் சோறும் ஒரு வாளி ரசமும்தான்.

பிப்ரவரி 8, வியாழன்

"மேடம், கொஞ்ச நாளா சாப்பாடு கம்மியா இருக்கே. வியாபாரம் சரியில்லையா?" என்று வேனில் ஏற்றும்போது கேட்டார்.

வியாபாரம் நன்றாகத்தான் இருக்கிறது, புதுசாக ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, அது அளந்து சொல்கிறது, அதனால் மிஞ்சுவதில்லை என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"நல்ல விஷயம்தானே மேடம். சோறு வீணாப் போவக்கூடாதுல்லா," என்றார்.

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் குத்தலாகச் சொன்னதாக நினைத்திருப்பேன். இவர் மெய்யாகவே சந்தோஷப்பட்டார். வேன் கதவைச் சாத்துவதற்கு முன் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தார், கனம் தெரியாத மாதிரி.

பிப்ரவரி 14, புதன்

காலையில் பாரதி, "என்ன மதினி, புதன்கிழமை அதுவுமா பட்டுக்கர சேலை?" என்று கேட்டாள். பீரோவில் கைக்கு வந்ததைக் கட்டினேன் என்றேன். கைக்கு வந்ததுதான்.

பிப்ரவரி 23, வெள்ளி

இன்று ஒன்றுமே மிஞ்சவில்லை. கடைசிப் பந்தி எழுந்ததும் பாத்திரங்கள் சுத்தம். கணிப்புக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது.

வேன் வந்து நின்றது. நான் வாசலுக்குப் போய், "இன்னைக்கு ஒண்ணும் இல்லைங்க," என்றேன்.

"அதுக்கென்ன மேடம், நாளைக்கு வாரேன்," என்று சொல்லிவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். காலிப் பாத்திரங்கள் வேனுக்குள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

நாற்பது பேர் இன்றைக்கு ராத்திரி என்ன சாப்பிடுவார்கள் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

இன்றும் இல்லை. தினம் வெறும் வேனை ஓட்டிக்கொண்டு ஒரு மனிதர் எத்தனை நாள் வருவார்?

மார்ச் 4, திங்கள்

மதியத்துக்கு நாங்கள் சோற்றை ஒரே தடவையில் வடிப்பதில்லை. கூட்டம் பார்த்து உலை உலையாக வைப்போம். கணிப்பு இன்று நான்கு உலை போதும் என்றது. நான் ஐந்து என்று மாற்றினேன். காரணம் என்ற இடத்தில் "பக்கத்துப் பள்ளியில் ஆண்டு விழா" என்று எழுதினேன்.

பக்கத்துப் பள்ளியில் ஆண்டு விழா ஜனவரியிலேயே முடிந்துவிட்டது.

ஐந்தாவது உலை இரண்டரை மணிக்கு இறங்கியது. மூன்றரைக்கு அப்படியே வேனில் ஏறியது. "இன்னைக்கு நெறைய மீந்துட்டு," என்று நான் சொன்னேன். "கம்ப்யூட்டரு தப்பு பண்ணிட்டா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

காரணம்: வங்கி ஊழியர் கூட்டம்.

மார்ச் 6, புதன்

காரணம்: வெயில் அதிகம், தயிர்சாதம் கூடுதலாகப் போகும்.

மார்ச் 7, வியாழன்

காரணம்: நாளை சிவராத்திரி, விரதக்காரர்கள் இன்றே சாப்பிடுவார்கள். (இதை நானே ரசித்தேன்.)

மார்ச் 13, புதன்

பேச்சிமுத்து என் மேஜைக்கு வந்து குரலைத் தணித்து, "கடைசி உலை யாருக்கு மேடம்?" என்று கேட்டார்.

"எழுதியிருக்கிறதைப் போடுங்க."

"போடுதேன், போடுதேன். அதுக்கு அந்தப் பழைய அரிசி வேண்டாம், நல்லதையே போடுதேன்னு சொல்ல வந்தேன்." போய்விட்டார்.

அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 28, வியாழன்

பெரிய வியாழன், நாளை புனித வெள்ளி. சாயங்காலம் கோயிலுக்குப் போக வேண்டும் என்று வெள்ளைச் சட்டை போட்டு வேனில் வந்திருந்தார். வெயில் தாங்காமல் பின்வாசல் படியில் கொஞ்சம் உட்கார்ந்தார். நான் உள்ளே நாற்காலியில்.

மனைவி இறந்து ஏழு வருஷமாம். மஞ்சள் காமாலை. மகள் ஜெனிபா பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். "நர்ஸ் ஆவணுமாம் மேடம். அம்மாவப் பாத்துக்கிட்ட நர்ஸம்மா மாதிரின்னு சின்னதுலருந்து சொல்லுதா."

எனக்கும் ஒரு கல்யாணம் நடந்தது என்று சொன்னேன். பதினோரு மாதம். கட்டிக்கொண்டவருக்கு வேறொரு குடும்பம் முன்னாலேயே இருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. இருபது வருஷமாக நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இவரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஐயோ பாவம் என்று சொல்லவில்லை அவர். "வெவரம் தெரிஞ்சதும் அன்னைக்கே கெளம்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"அன்னைக்கே."

"நல்ல தைரியம் மேடம் உங்களுக்கு," என்றார்.

தைரியம் என்று அதை இதுவரை யாரும் சொன்னதில்லை. தலையெழுத்து என்றுதான் சொல்வார்கள்.

ஏப்ரல் 10, புதன்

கணிப்பு என்னைப் படிக்க ஆரம்பித்துவிட்டது. நான் ஒரு உலை கூட்டுவேன் என்று தெரிந்துகொண்டு, தன் எண்ணை முன்கூட்டியே குறைத்துச் சொல்கிறது. நேற்று மூன்று என்றது. கடைக்கு வருகிறவர்களுக்கே நான்கு வேண்டும் என்று எனக்கு நிச்சயம். அதனால் இரண்டு கூட்டினேன். இன்று அது இன்னும் குறைக்கிறது. இரண்டு பேர் ஒரு கயிற்றை இழுப்பதுபோல இருக்கிறது. அதற்குக் கை வலிக்காது.

ஏப்ரல் 24, புதன்

ஹரி வந்திருந்தார். மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

ஒவ்வொருவரும் கணிப்பை எப்போது மாற்றினார்கள், அந்த மாற்றம் சரியாக இருந்ததா என்று அந்த மென்பொருளே ஒரு அறிக்கை போடுகிறதாம். மற்ற கிளைக்காரர்களின் கோடு மேலும் கீழுமாக ஆடுகிறது. என் கோடு மேலேயே நிற்கிறது.

"மத்தவங்க ஒரு நாள் கூட்டுறாங்க, ஒரு நாள் குறைக்கிறாங்க. நீங்க எப்பவும் கூட்டுறீங்க. எப்பவும் கடைசி உலை மட்டும். பதினெட்டு வருஷமா இந்தக் கிளையப் பாக்குறவங்க நீங்க, ரெண்டு மாசமா தினம் தப்பா கணிக்கிறீங்கன்னா என்னால நம்ப முடியல. அதுலயும் ஞாயித்துக்கிழமை மட்டும் கரெக்டா இருக்கீங்க."

திரையைப் பார்த்தேன். ஞாயிறு தோறும் கோடு கீழே வந்து, கணிப்போடு ஒட்டிக்கொண்டு, திங்கட்கிழமை மறுபடி எழுந்தது. என் முகத்தையே யாரோ அதில் வரைந்து வைத்ததுபோல இருந்தது.

ஹரி குரலை இன்னும் தணித்தார். "ஞாயித்துக்கிழமை யாருக்கு லீவு? பேச்சிமுத்து அண்ணனுக்கு. உங்களை ஏமாத்தி அவர் சோத்த வெளிய கொண்டுபோறாருன்னு நினைக்கிறேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல. அவரை இந்த மாசத்தோட நிறுத்திடலாமா?"

பேச்சிமுத்து அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, வெண்பூசணியை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல தம்பி. ஞாயித்துக்கிழமை வேன் வராது. அதான்," என்றேன்.

"எந்த வேன்?"

சொன்னேன். ஆண்டு விழா, வங்கிக் கூட்டம், விரதக்காரர்கள், எல்லாம் நான் எழுதிய பொய் என்று சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொன்னால் போகிறேன் என்றும் சொன்னேன்.

ஹரி மடிக்கணினியை மூடினார். கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. "நாங்க மீதத்த நிறுத்தினோம், அது யாரு சாப்பாடுன்னு யோசிக்கவே இல்லயே அக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? இல்லத்துக்காகவா இத்தன பாடு?"

"ஆமா, இல்லத்துக்காகத்தான்," என்றேன்.

வேறு எதற்கு?

ஏப்ரல் 29, திங்கள்

முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். மாதாமாதம் இல்லத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் மொத்தக்கடையிலிருந்தே நேராகப் போய் இறங்கும். சமைக்க ஒரு ஆளுக்குச் சம்பளமும், கேஸுக்குப் பணமும் வங்கி வழியாகப் போய்விடும். ஹரி இரண்டே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். "மிச்சச் சோறு எதுக்கு அக்கா, அவங்க சூடா சமைச்சே சாப்பிடட்டும்," என்றார். அத்தனையும் நியாயம். ஒரு குறை சொல்ல முடியாது.

தலைமைச் சகோதரி பெர்னதெத் போனில் என்னிடம் அழுதே விட்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். பட்டேன் என்றுதான் எழுத வேண்டும்.

மே 6, திங்கள்

பிளஸ் டூ ரிசல்ட். ஜெனிபா நல்ல மார்க். சாயங்காலம் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் தனியாக ஒரு கால் கிலோ.

"வர்ற திங்கள்லருந்து இல்லத்துலயே சமையல் மேடம். எல்லாம் உங்க புண்ணியம்னு சிஸ்டர் சொன்னாங்க."

"அப்ப இனிமே வர வேண்டியதில்ல."

"ஆமா மேடம். இனிமே வர வேண்டியதில்ல."

இருவரும் அதைச் சொல்லிவிட்டு அல்வாவைப் பற்றிப் பேசினோம்.

மே 11, சனி

கடைசியாக வந்து போனார். நான் ஒரு உலை கூட்டியிருந்தேன். காரணம் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டேன். ஹரி ஒன்றும் கேட்கவில்லை.

மே 13, திங்கள்

மூன்றரை மணிக்கு எழுந்து பின்வாசல் வரை போய்விட்டேன். பாத்திரம் தேய்க்கிற சண்முகத்தாய், "என்னம்மா வேணும்?" என்றாள். தண்ணி வருதா என்று பார்க்க வந்தேன் என்றேன்.

மே 22, புதன்

அல்வா கெட்டுவிட்டது. இத்தனை நாள் ஃபிரிட்ஜில் வைத்திருந்ததற்குப் பாரதி ஏசினாள்.

ஜூன் 8, சனி

அவர் வந்தார். வேனில் வரவில்லை, பஸ்ஸில். கையில் இரண்டு பெரிய தூக்குச் சட்டிகள். எங்கள் ஹோட்டலுடையவை, எப்போதோ சாம்பாரோடு போனவை. புதுசு மாதிரி தேய்த்துக் கொண்டுவந்திருந்தார்.

"இது உங்க சட்டி மேடம். குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எங்க போறீங்க?"

இல்லத்தில் வேனை விற்றுவிட்டார்களாம். சாப்பாடு எடுக்கத்தான் வேன், அதற்குத்தான் டிரைவர். இப்போது சாமான் எல்லாம் வாசலுக்கே வந்து இறங்குகிறது. "சிஸ்டருக்கு மனசே இல்ல. ஆனா சும்மா ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுக்க அவங்களால ஆவாது, பாவம்." மச்சினன் மூலமாக ஓசூரில் ஒரு கம்பெனிப் பஸ் ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது. ஜெனிபாவுக்கும் அங்கேயே நர்சிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. நாளை ராத்திரி பஸ்.

நான் வாயைத் திறந்தேன். ஆனால் எதைச் சொல்வது? என் பொய்யைப் பிடித்தது ஒரு மென்பொருள். அதைப் பார்த்து மனமிரங்கியது ஒரு நல்ல பையன். சூடான சோறு கிடைத்தது நாற்பது பேருக்கு. யார்மேல் கோபப்படுவது? எல்லாமே நல்லதாக நடந்து, அதன் வழியிலேயே இவர் வேலை போயிருக்கிறது.

"ஓசூர்ல குளிரும். இருமல் இருக்கு உங்களுக்கு," என்றேன்.

"ஸ்வெட்டர் வாங்கணும்," என்றார்.

பேச்சிமுத்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணாச்சி," என்றார். இரண்டரை வருஷமாக வந்துபோன மனிதர் இன்றுதான் முதல்முறையாக எங்கள் ஹோட்டலில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். நான் பரிமாறவில்லை. அது என் வேலை இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மோர் வரை பொறுமையாகச் சாப்பிட்டார். இலையை மூடிவிட்டு நிமிர்ந்து என்னைத்தான் தேடினார்.

"வாரேன் மேடம்."

"போயிட்டு வாங்க," என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

தலைவலி. எங்கும் போகவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று நான் கேட்டிருக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

ஆனித் தேர். ஊரே டவுனில் நிற்கிறது. கணிப்பு சொன்ன அளவுக்கே கூட்டம். ஒரு கைப்பிடிகூட மிஞ்சவில்லை.

ஜூன் 28, வெள்ளி

அரையாண்டுக் கூட்டம். கணிப்பை நான் இப்போது மாற்றுவதே இல்லை. அதனால் பாளைக் கிளைதான் மறுபடி முதலிடம். இல்லத்துத் திட்டத்தை ஹரி எல்லோர் முன்னாலும் சொல்லி, "இது வடிவு அக்கா போட்ட பிள்ளையார் சுழி," என்றார். கைதட்டினார்கள். ஒரு சால்வை.

வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைத்துவிட்டு, சோறு உலையில் இருக்கும்போதே அழுதேன். வெங்காயம் நறுக்குவதாகப் பாரதி நினைத்திருப்பாள். இல்லை, அவள் எதையும் கவனிக்காமல் விடுகிறவள் இல்லை. பின்னால் வந்து நின்று, "மதினி, நீங்க ஒருநா அந்த இல்லத்துக்குப் போய்த்தான் பாத்துட்டு வாங்களேன்," என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 30, ஞாயிறு

இல்லத்துக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் முதல்முறை.

சுத்தமான இடம். வேப்பமரத்தடியில் வரிசையாகக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சமையல்கூடத்தைக் காட்டினார்கள். சாம்பார் கொதிக்கிற வாசனை. எங்கள் சாம்பாரைவிட நன்றாகவே இருந்திருக்கும்.

சிஸ்டர் பெர்னதெத் எனக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்கள். நான், "மாசி மாசத்துல எங்ககிட்ட மிஞ்சாமப் போச்சே, அந்த நாள்ல ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க," என்றேன்.

"ஒரு வாரம்தாம்மா சிரமம். அப்புறம் பக்கத்துக் காலேஜ் ஹாஸ்டல்ல கேட்டோம். அவங்க தினம் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. மார்ச் மாசம் பொறந்ததுலருந்து எங்களுக்கு அங்கருந்துதான் சாப்பாடு."

எனக்குப் புரியவில்லை. மார்ச் மாதத்தில்தான் நான் கடைசி உலையை ஆரம்பித்தேன்.

"அப்ப எங்க ஹோட்டல் சாப்பாடு?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தார்கள் போல. "திரவியத்துகிட்ட நான் சொன்னேம்மா, இனி அங்க போக வேண்டாம், நமக்குத்தான் போதுமே, டீசல் வீண்னு. கேக்கல. 'இல்ல சிஸ்டர், அவங்க எடுத்து வச்சிக்கிட்டுக் காத்திருப்பாங்க, நான் போயிட்டு வந்துருதேன்'னு சொல்லிட்டாரு. டீசல் அவரு கைக்காசு. உங்ககிட்ட வாங்கினத ஹைகிரவுண்ட் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வாசல்ல நோயாளிகூட வந்து கெடக்குறவங்களுக்குக் குடுத்துட்டு வருவாரு. ஒருநாளும் தவறல."

காபி ஆறிப்போயிற்று. அந்தப் பெண் இன்னும் என் கையை விடவில்லை. எனக்கும் அது வேண்டியிருந்தது.

ஜூலை 3, புதன்

மூன்று நாளாகப் போனை எடுத்து எடுத்து வைத்தேன். இன்று மத்தியானம் கூப்பிட்டுவிட்டேன்.

"சொல்லுங்க மேடம்." பின்னால் ஆட்கள் பேசும் சத்தம். ஷிப்டு முடிந்து கம்பெனி வாசலில் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறாராம்.

"சிஸ்டரப் பாத்தேன். சாப்பாட்ட ஆஸ்பத்திரி வாசல்ல குடுத்தீங்களாமே."

"சொல்லிட்டாங்களா," என்றார்.

"வேண்டாம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க எடுத்து வச்சிருப்பீங்களே மேடம்."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. "அது மீந்த சோறு இல்ல. நான் தனியா வைக்கச் சொன்ன உலை. தினமும் பொய் எழுதித்தான் வச்சேன்."

"தெரியும்."

"எப்படி?"

"சூடா இருந்துச்சே மேடம். மத்தியானச் சோறு மீந்து மூணரை மணிக்கு எடுத்தா, அம்புட்டு ஆவியா பறக்கும்? மொத நாளே தெரிஞ்சிட்டு."

"பெறவு ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்திருவீங்கன்னு பயந்தேன்," என்றார்.

நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்கும். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. யாரோ, "டிரைவரண்ணே, போலாமா?" என்றார்கள்.

"பாப்பாவுக்கு நாலு வருசப் படிப்பு மேடம். அது முடியாம நான் அங்கிட்டு வர வழியில்ல," என்றார். நான் கேட்காத கேள்விக்கு அவராகவே சொன்ன பதில்.

"ம்," என்றேன்.

"உடம்பப் பாத்துக்கிடுங்க."

"ஆளு ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்க."

"அப்ப வண்டிய எடுங்க," என்று நான்தான் சொன்னேன்.

அவர் போனை வைக்கவில்லை. இன்ஜின் கிளம்பியது கேட்டது, ஒரு ஹாரன் கேட்டது, அப்புறம்தான் லைன் கட்டானது. நாலு வருஷம் எனக்கு ஒன்றும் அதிகமில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை என் வாய்க்கு வந்தபோது அந்தப் பக்கம் ஆள் இல்லை.